கடல் கழுவிய இலை

எங்கள் மருந்து நிலையத்தில் இரண்டு பூட்டுப் போட்ட அலுமாரி ஒன்று இருக்கிறது. ஒரு திறப்பு டொக்டரிடம், மற்றது என்னிடம். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால்தான் அதைத் திறக்கலாம். உள்ளே இருப்பது கஞ்சா. இதைச் சொன்னதும் முகத்தைச் சுளிக்கிறவர்களும் உண்டு, கண்ணடிக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் எனக்குப் பிடிக்காது.

நான் டொக்டர் இல்லை. அரசாங்கக் கடிதங்களில் நான் மருந்துக் கலவையாளர், துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற சனத்துக்கு மருந்துக்கார அன்ரி. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்புறம், இரண்டு அறையும் ஒரு கொட்டிலும் உள்ள சித்த மருத்துவ நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இடித்து, சலித்து, அவித்து, கிண்டிக்கொண்டிருக்கிறேன். என் கையால் போன லேகியம் புளித்தது, பூஞ்சணம் பிடித்தது என்று ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு அதிகம் இல்லை. பாட்டு வராது, தையல் வராது, கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும். சமையல் வரத்தை எல்லாம் அக்கா வாரிக்கொண்டுவிட்டாள்.

அக்கா துறைமுகத் தொழிலாளர்களுக்கான கன்டீனில் சமைத்தவள். எனக்கு எட்டு வயது மூத்தவள். ஒரே நேரத்தில் நூறு பேருக்குச் சோறும் மூன்று கறியும் இறக்குவாள். உப்புப் பார்ப்பதற்குக் கறியை அகப்பையால் அள்ளி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்ப்பாள். "சரி" என்றால் சரி. அதற்குப் பிறகு யாரும் உப்புக் கேட்டு கை நீட்டினால் அவர்களுக்குக் கறி கிடையாது, பேச்சுத்தான் கிடைக்கும். அவளுடைய புருசன் இறந்தபிறகு இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் கலியாணம் கட்டவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், அக்காவின் கறியைவிட நல்ல கறி வைக்கிற வீடு கிடைக்கவில்லை என்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள். மருந்து நோயை அடக்கியது. ஆனால் அக்காவின் பசியையும் சேர்த்து அடக்கிவிட்டது. சோற்றைக் கண்டாலே ஓங்காளித்தாள். நூறு பேருக்குப் போட்டவள் ஒரு பிடி சோற்றுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

எங்கள் நிலையத்து டொக்டர் மூதூர்ப் பெண். நாற்பதைத் தொடாத வயது. அதிர்ந்து பேசாதவர். அவர்தான் புற்றுநோய் கிளினிக் டொக்டருக்கு எழுதிக் கேட்டு, அவர் சம்மதத்தை அக்காவின் கிளினிக் கொப்பியில் வாங்கிய பிறகு, அக்காவுக்குக் கஞ்சா சேர்ந்த லேகியத்தைத் தொடங்கினார். நெல்லிக்காயளவுகூட இல்லை, ஒரு சின்னக் குண்டுமணியளவுதான். நோயை மாற்றுகிற மருந்து அல்ல அது. அப்படி ஒருபோதும் நாங்கள் சொன்னதில்லை, சொல்கிறவர்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் நாலாம் நாள் அக்கா கஞ்சி கேட்டாள். ஒரு கிழமையில் தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதியோடு அரைக் கோப்பை சோறு சாப்பிட்டாள். இரவில் கண்ணயர்ந்தாள். அதற்கு மேல் எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

இந்த இலை எங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் கஞ்சாவைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் குற்றம். வளர்த்தாலும் குற்றம். ஆனால் சித்தம், ஆயுர்வேதம் படித்தவர்கள் அனுமதியோடு மருந்தில் சேர்க்கலாம். வளர்க்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்றால் மருந்துக்கு ஏது இலை? பிடிபட்ட இலைதான். கடத்திக்கொண்டு வருகிறவன் அகப்பட்டு, வழக்கு முடிந்து, நீதிமன்றம் கட்டளை போட்டால் அதில் ஒரு பங்கு மருந்துக்கு வரும். அதாவது, களவாய்க் கொண்டு வருகிறவன் பிடிபட்டால்தான் என் அக்காவுக்குப் பசி. இதை முதலில் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பழகிவிட்டது. இங்கே எதுவும் பழகிவிடும்.

போன மாரி தொடங்கும்போது புது மூட்டை வந்தது. அரக்கு முத்திரை வைத்த ஒரு சாக்கு. டொக்டரும் நானும் கையெழுத்து வைத்துப் பிரித்தோம். இலை பழுப்பாய், கட்டி கட்டியாய் ஒட்டிப்போய் இருந்தது. நாள்பட்ட சரக்கு என்று நினைத்தேன்.

கஞ்சா இலையை அப்படியே மருந்தில் போட முடியாது. முதலில் சுத்தி செய்ய வேண்டும். வெள்ளைத் துணியில் முடிந்து, தண்ணீரில் ஊறவிட்டு, கசக்கிப் பிழிவோம். பிழிகிற தண்ணீர் கரும்பச்சையாய் வரும். அதை ஊற்றிவிட்டு மறுபடி ஊறவிட்டுப் பிழிய வேண்டும். தண்ணீர் தெளிந்து வரும்வரை இதே வேலை. ஆறு தரம், ஏழு தரம் என்று போகும், தோள்மூட்டு கழன்றுவிடும். பிழிந்த தண்ணீரைக் குழி தோண்டித்தான் ஊற்றுவோம். எங்கள் நகரத்தில் மான்கள் தெருத்தெருவாய்த் திரிகின்றன, சுவரில் ஒட்டிய நோட்டீசைக்கூட விடாமல் தின்கிறவை. கஞ்சாத் தண்ணீர் குடித்த மான் துறைமுக வீதியில் ஆடியது என்று ஒரு கதை என் பெயரில் வேண்டாம் என்று நான் நினைப்பதுண்டு.

அந்த முறை இரண்டாம் தரமே தண்ணீர் தெளிந்துவிட்டது. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

"டொக்டர், இந்த முறை நல்ல சாமான். ரெண்டு தண்ணியோட தெளிஞ்சிட்டுது" என்று போய்ச் சொன்னேன்.

"அப்பிடியே? சந்தோசம், அன்ரி" என்றார்.

மருந்தறைக் கொப்பியில் "நல்ல சுத்தமான இலை" என்று என் கையால் எழுதினேன். அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது, வெட்டவில்லை. கிழித்தெறியச் சொல்லி மனம் பலமுறை கேட்டது. நிழலில் உலர்த்தி, நெய்யில் இளஞ்சூட்டில் வறுத்து, பொடித்து, சுக்கும் ஏலமும் சாதிக்காயும் பனங்கட்டிப் பாகும் சேர்த்துக் கிண்டி இறக்கினேன். வாசனைக்குக் குறைவே இல்லை.

பதினொரு பேருக்கு அந்த லேகியம் போனது. அதில் ஒருத்தி அக்கா.

முதல் நாள் காலை குசினி அடுப்படியில், கதிரையில் இருந்தபடி அதை நாக்கில் வைத்தவள் உடனே முகத்தைத் திருப்பினாள்.

"இதென்ன பிள்ளை, உப்புக் கரிக்குது?"

"லேகியத்தில எங்கால அக்கா உப்பு? பனங்கட்டிப் பாகிலயெல்லோ கிண்டினது. மருந்து ஏத்தின நாக்கு அப்பிடித்தான் சொல்லும்."

நான் சொன்னது பொய்யில்லை. கிளினிக்கில் வரிசையில் இருக்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் கைக்கிறது, பால் இரும்பாய் இருக்கிறது, சீனி மண்ணாய் இருக்கிறது என்பார்கள். அக்காவின் நாக்கும் போய்விட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அடுத்த நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் நான் சத்தம் போட்டேன்.

"குடுக்கிறதைத் தின்னுங்கோ. கையுளையப் பிழிஞ்சு செய்தனான்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை கன்டீனில் உப்புக் கேட்டவர்களைப் பார்க்கிற பார்வை.

"எடியே, என்ர மயிர் கொட்டினது, நகம் கறுத்தது. நாக்குச் சாகேல்லை. வேணுமெண்டால் சோதிச்சுப் பார்."

சோதிக்கும் முறையையும் அவளே சொன்னாள். ஒரே மாதிரியான கரண்டிகளில் பனங்கட்டிப் பாகு, தேன், லேகியம் மூன்றையும் எடுத்து, அவள் கண்ணை மூடியிருக்க, ஒவ்வொன்றாய் நாக்கில் தடவ வேண்டும். நடுவில் தண்ணீரால் வாய் கொப்பளிப்பாள். அதற்கு நாங்கள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், மழைத்தண்ணீர் எடுத்துவா என்றாள். நான் கள்ளம் செய்தேன். மூன்று கரண்டிக்குப் பதிலாக ஐந்து வைத்தேன், லேகியத்தை இரண்டு தரம் ஒளித்தேன், அதிலும் ஒன்றில் தேனைப் பூசினேன். நெய், சாதிக்காய் வாசனையால் கண்டுபிடிக்காதபடி மூக்கையும் பொத்தச் சொன்னேன்.

"இதில இல்லை... இதில உப்பு. இதில இல்லை. இதிலயும் இல்லை. இந்தா, திரும்பவும் உப்பு. மேல தேன் பூசியிருக்கிறாய், என்ன?"

கண்ணைத் திறந்து, மூக்கிலிருந்து கையை எடுத்து, இன்னும் கொஞ்சம் லேகியத்தை முகர்ந்து பார்த்தாள்.

"டீசல் வாடையும் இருக்கு. என்ஜின்காரப் பெடியள் கை கழுவாமல் வந்து பாணைத் தொட்டால், அந்தப் பாணில வாற வாடை."

அதற்கு மேல் அவளோடு வாதாட என்னால் முடியவில்லை. ஏனென்றால் நான் அந்த லேகியத்தை நாக்கில் வைத்துப் பார்த்ததே இல்லை. மற்ற எல்லா மருந்தையும் நக்கிப் பார்த்துத்தான் இறக்குவேன். கஞ்சா சேர்ந்ததை மட்டும் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். மருந்துக்கார அன்ரி மருந்தறையில் நின்று என்ன நக்குகிறா என்று ஒரு வாய் சொன்னால் போதும், துறைமுகம் முழுக்கச் சொல்லிவிடும். என் நல்ல பெயரைக் காப்பாற்றப் போய், பதினொரு நோயாளிக்கு நான் என்ன கொடுக்கிறேன் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அன்றைக்கு நாக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. எங்கள் கிணறு உவர்க் கிணறு. துறைமுகப் பக்கத்தில் பாதிக் கிணறுகள் அப்படித்தான். எங்கள் தேத்தண்ணியில் ஒரு கரிப்பு இருக்கும், வெளியூர் ஆட்கள் ஒரு மிடறோடு கோப்பையை வைத்துவிடுவார்கள், எங்களுக்கு அது தேத்தண்ணியின் ருசி. மருந்தறையில் இலையைக் கழுவியதும் அதே மாதிரி ஒரு கிணற்றுத் தண்ணீரில்தான். உப்புக்குள் வாழ்கிறவர்களுக்கு உப்புத் தெரியாது. அக்கா மட்டும் முப்பது வருடம் அதைத் தனியாகப் பிரித்துப் பார்த்துப் பழகியவள்.

மறுநாள் காலை டொக்டரைக் கூட்டிக்கொண்டு அலுமாரியைத் திறந்தேன். கழுவாத இலை கொஞ்சம் மிச்சம் இருந்தது. போன வருட இலையிலும் மாதிரிக்கென்று ஒரு சிறங்கை எடுத்து வைத்திருந்தோம். அக்கா மீன் பொரிக்கிற இரண்டு இரும்புத் தாச்சிகளைக் கொண்டுபோயிருந்தேன். கூரையிலிருந்து வழிந்த மழைத்தண்ணீரை அளந்து எடுத்து, இரண்டு இலையையும் தனித்தனியே ஊறவைத்து, வடித்து, அந்தத் தண்ணீரைத் தாச்சிகளில் வற்றக் காய்ச்சினோம். போன வருடத் தாச்சியில் பச்சை கலந்த கறுப்புப் பிசின்தான் ஒட்டியது. புது இலைத் தாச்சியின் ஓரத்தில் வெள்ளையாய்ப் பூத்தது. நிலாவெளி உப்பளத்தில் வெயிலேற ஓரத்தில் பூக்குமே, அதே வெள்ளை. வற்ற முன்னம் அதன் மேல் எண்ணெய் வளையம் ஒன்று நிறம் நிறமாய் மிதந்ததையும் டொக்டர் கவனித்தார்.

விசயம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அந்த மூட்டை கடலால் வந்தது. படகின் அடியில், என்ஜின் எண்ணெயும் கடல் தண்ணீரும் கலந்து நிற்கிற இடத்தில், கிழமைக் கணக்காய் ஊறியிருக்கிறது. தண்ணீர் இரண்டு தரத்தில் தெளிந்தது இலை சுத்தமாக இருந்ததால் அல்ல. எனக்கு முன்னமே கடல் அதைக் கழுவிவிட்டிருந்தது. பச்சை எல்லாம் கடலோடு போய்விட்டது. நான் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டு, வழக்கமான ஏழு தரத்தை இரண்டு தரத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

டொக்டர் புது இலைத் தாச்சியைத் தன் பக்கம் இழுத்து முகர்ந்து பார்த்தார்.

"அன்ரி, உப்புப் பரவாயில்லை. எண்ணெய்தான் பிரச்சினை. வேற என்ன சேர்ந்ததோ தெரியாது. இதைக் குடுக்க ஏலாது."

"ஓம்."

"ஆனால் இதை மேலிடத்துக்கு எழுதினால், உங்களுக்கு இந்தச் சாமானே வேண்டாம் எண்டு அனுமதியை எடுத்துப்போடவும் கூடும். இப்ப ஊரிலயும் இதுதானே கதை. பிறகு பதினொரு பேருக்கும் ஒண்டுமில்லை. உங்கட அக்காவுக்கும்தான்."

ஊரில் அப்போது அதுதான் கதை, உண்மை. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென்று மருந்துக் கஞ்சா வளர்க்க விடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து, பஸ்ஸிலும் சந்தையிலும் பூசை முடிந்த மாதா கோயில் வாசலிலும் ஆளாளுக்கு ஒரு கருத்து. வருகிற சனிக்கிழமை ஊர்ப் பொதுச்சபை ஒன்று மண்டபத்தில் கூட்டம் வேறு வைத்திருந்தது. இந்த நேரத்தில் எங்கள் மருந்தில் டீசல் என்று சொன்னால், எதிர்க்கிறவர்களுக்கு நாங்களே வெற்றிலை வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடும்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்று முதலில் சொன்னேன். பிறகு, இதை நிறுத்தினால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது, வராமலே போகலாம் என்றும் சொன்னேன். அவள் அப்போது மூன்று நாளாய் லேகியத்தைத் துப்பியதால் மறுபடி கஞ்சிக்குக்கூட முகம் சுளிக்கத் தொடங்கியிருந்தாள். தன் நிலைமை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"கன்டீனில ஒருநாள் நூறு பேரின்ர மீன் பழுதாய் வந்தது, ஞாபகமிருக்கே? நான் என்ன செய்தனான்?"

"புதைச்சனீங்கள். பருப்பும் சம்பலும் குடுத்தனீங்கள்."

"எவ்வளவு பேச்சு வாங்கினனான் அண்டைக்கு. பேசினவங்களில ஒருத்தனுக்காவது வயித்தாலை போச்சுதோ? போய் அதைக் கொட்டிப்போட்டு வா. என்ர பாட்டைப் பிறகு பாப்பம்."

அந்த "என்ர பாட்டைப் பிறகு பாப்பம்" என்ற சொல்லை நினைத்தால் இப்போதும் என் நெஞ்சு நிமிர்கிறது. அக்கா படித்தது ஆறாம் வகுப்பு வரை.

சாட்சிகள் கையெழுத்து வைக்க, அந்த லேகியம் முழுவதையும் அழித்தோம். அதற்கு முன்னம் பதினொரு பேரிடமும் நானே போய்த் திருப்பி வாங்கினேன். கிண்ணியாவில் ஒரு கால் எடுத்த முதியவர், நான் வாப்பா என்று கூப்பிடுகிறவர், நரம்பு வலியால் இரவெல்லாம் இருந்தே விடிகிறவர், டப்பாவைக் கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தாச்சியைக் காட்டி விளக்கிச் சொன்ன பிறகுதான் தந்தார். தரும்போது, "நீங்கள் கழுவேக்க பாத்திருக்கலாமே, மகள்" என்றார். ஓம் வாப்பா, பார்த்திருக்கலாம் என்றேன்.

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. கூட்டத்துக்குப் போகுமுன் டொக்டர் என்னிடம், "கடிதத்தை நேற்றே அனுப்பிப்போட்டன், அன்ரி. என்ன நடந்தது, என்னெண்டு பிழை விட்டனாங்கள், எல்லாம் எழுதியிருக்கிறன். இனி ஒளிக்க ஒண்டுமில்லை. கதைக்க விருப்பமெண்டால் கதையுங்கோ" என்றார். அந்தக் கடிதத்தில் பிழை விட்டவர் என்று என் பெயரைத் தனியாகப் போடவில்லை, 'நாங்கள்' என்றே எழுதியிருந்தார். நான் அதை மறக்க மாட்டேன்.

முதலில் எங்கள் பங்குத் தந்தை பேசினார். நல்ல மனுசன். போதையால் அழிந்த பிள்ளைகளைத் தன் கையால் அடக்கம் செய்தவர், அந்தப் பிள்ளைகளின் தாய்மாரின் முகத்தைப் பார்த்தவர். ஒரு வாசலைத் திறந்தால் எல்லா வாசலும் திறக்கும் என்றார். அவர் குரல் உடைந்தது, அது நடிப்பில்லை. பிறகு கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரர் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். குளிரூட்டிய கண்ணாடிக் கொட்டகை, சுற்றிவர வேலி, கமரா, வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள். ஒவ்வொரு செடிக்கும் வடிகட்டிய தண்ணீர். பயப்படத் தேவையில்லை, ஒரு இலைகூட உள்ளூருக்குள் வராது, எல்லாம் வெளிநாட்டு நோயாளர்களுக்குத்தான் என்று அவர் சொல்ல, மொழிபெயர்த்தவரும் அதைச் சொன்னார்.

கட்டைபறிச்சானிலிருந்து வந்திருந்த, நெல் விதைக்கிற ஒரு கமக்காரர் எழும்பி, "அப்ப எங்கட நோயாளியளுக்கு?" என்று கேட்டார். அது வேறு விசயம், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது என்று பதில் வந்தது.

அதற்குமேல் என்னால் இருக்க ஏலவில்லை. பையிலிருந்து இரண்டு தாச்சியையும் எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். மேடை மேசையில் பூச்சாடியைத் தள்ளிவிட்டு வைத்தேன். இரும்பு மேசையில் இடித்த சத்தத்துக்கு எல்லாரும் திரும்பினார்கள்.

"எங்கட நோயாளிக்கு வாறது இதுதான்" என்றேன். "கடலில களவாய் வந்து, படகின்ர அடித்தண்ணியில ஊறி, பிடிபட்டு, வழக்கு முடிஞ்சு வாற இலை. அதைக் கழுவிறது நான். இந்த முறை சரியாய்க் கழுவேல்லை, அது என்ர பிழை. பதினொரு பேருக்கு உப்பும் டீசலும் குடுத்துப்போட்டன். கண்டுபிடிச்சது ஒரு பெரிய ஆளுமில்லை. என்ர அக்கா, புற்றுநோய்க்காரி, கன்டீனில சமைச்சவள். பாதர், நீங்கள் வேண்டாம் எண்டுறியள். ஐயா, நீங்கள் வெளிநாட்டுக்கு எண்டுறியள். ரெண்டு பேரும் சண்டை பிடியுங்கோ, நான் குறுக்கே வரேல்லை. ஆனால் சட்டம் ஏற்கெனவே ஓம் எண்டு சொன்ன மருந்து இது. வெளிநாட்டு நோயாளிக்கு வடிகட்டின தண்ணி, எங்கட நோயாளிக்குப் படகுத் தண்ணியோ? இதுக்கு முதல் பதில் சொல்லுங்கோ."

எழுதிவைத்துப் பேசவில்லை. எழுதியிருந்தால் இன்னும் மரியாதையாகப் பேசியிருப்பேன். மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. கம்பனிக்காரருக்கு மொழிபெயர்த்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பங்குத் தந்தைதான் எழும்பி வந்தார். தாச்சியின் ஓரத்து வெள்ளையை விரலால் தொட்டு, நாக்கில் வைத்தார். உடனே கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தார்.

"நான் உம்மட பக்கம் இல்லை, பிள்ளை" என்றார். "இது பெருகக் கூடாது எண்டதில மாற மாட்டன். ஆனால் நோயாளிக்கு இப்பிடி ஒண்டைக் குடுக்கிறது பாவம். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன்."

டொக்டரின் கடிதத்துக்குப் பின்னால் இன்னொரு கடிதம் போனது. அதில் முதல் கையெழுத்து, எதிர்த்துப் பேச வந்த பங்குத் தந்தையுடையது. ஊர் அதைப் பற்றி ஒரு மாதம் கதைத்தது.

ஆனால் கடிதம் பசி தீர்க்காது. மாரி முழுவதும் அலுமாரி வெறுமையாகக் கிடந்தது. அக்கா இளைத்தாள். அவளுடைய காப்பு முழங்கை வரை ஏறி இறங்கியது, கடைசியில் கழற்றி வைத்துவிட்டாள். நான் வைத்த கஞ்சியை என்னைச் சந்தோசப்படுத்துவதற்காக இரண்டு கரண்டி குடித்துவிட்டு, வெளியே போய் வாந்தி எடுப்பாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிடுவாள், எனக்குக் கேட்கும். அவளுக்காக ஒரு கூட்டத்தின் முன்னால் வாய் கிழியப் பேசியவளுக்கு அவளை ஒருவாய் சாப்பிட வைக்க முடியவில்லை. அந்த நாட்களில் நான் கோயிலுக்குப் போய்க் கும்பிடவில்லை, சண்டைதான் பிடித்தேன்.

இறக்கக்கண்டியிலிருந்து மீன் கொண்டு வருகிற மனுசன் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, சொன்னால் நாளைக்கே ஒரு பொட்டலம் எடுத்துத் தரலாம். உங்கட அக்காவுக்காகத்தானே" என்றான். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்கலாமா என்று நானே ஒரு கிழமையாய் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"அது எந்தப் படகின்ர அடியில கிடந்ததெண்டு அவனுக்குத் தெரியுமோ எண்டு கேள்!" என்று கத்தினாள்.

அவனுக்குத் தெரியவில்லை. பாரை மீனை மட்டும் வாங்கினேன்.

தை பிறந்து பொங்கல் போன பிறகு பதில் வந்தது. அனுமதியை எடுக்கவில்லை. அதோடு, இலை கேட்டு அனுப்புகிற படிவமும் புதிதாக வந்திருந்தது. டொக்டர் அதை என் முன்னால் வைத்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார். பழைய படிவத்தில் இல்லாத ஒரு வரி, தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்திருந்தது: "கைப்பற்றப்பட்ட இடம் – நிலம் / கடல். கடல் எனில், மருந்துக்கு வழங்கப்படலாகாது."

அவ்வளவுதான். செடி வளர்க்கலாமா கூடாதா என்று நாடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது. நான் பேசியதால் எந்தச் சட்டமும் மாறவில்லை. ஆனால் அந்த ஒரு வரி என் அக்காவின் நாக்கிலிருந்து வந்தது. அரசாங்கப் படிவத்தில் ஒரு வரி எழுதவைத்த சமையல்காரி எங்கள் துறைமுகத்தில் வேறு யாரும் இருந்தால் காட்டுங்கள்.

மாசியில் மூட்டை வந்தது. உள்நாட்டுக் காட்டில் பிடிபட்டதாம், நிலம் என்று கோடு போட்டிருந்தது. மழைத்தண்ணீரை இதற்கென்று பீப்பாயில் சேர்த்து வைத்திருந்தேன். துணியில் முடிந்து பிழிந்தபோது கரும்பச்சையாய் வடிந்தது. மூன்றாம் தரமும் பச்சை, ஐந்தாம் தரமும் பச்சை. தோள்மூட்டு விண்விண் என்று வலிக்க வலிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டாம் தரத்தில்தான் தெளிந்தது. இந்த முறை கிண்டி இறக்கியதும், டொக்டரைப் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு மணியளவு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கொப்பியில் அதையும் எழுதினேன்: "ருசி பார்த்தது நான்."

அக்கா கண்ணை மூடி அதை நாக்கில் வைத்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். அன்று கஞ்சியோடு போனது, மறுநாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் மத்தியானம் நான் சோறும் பாரை மீன் சொதியும் வைத்து, கேட்காமலே கோப்பையில் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கரண்டி கோப்பையில் படுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"பிள்ளை" என்று கூப்பிட்டாள்.

ஓங்காளிக்கப் போகிறாளாக்கும் என்று சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோப்பையில் பாதிச் சோறு காலியாகியிருந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள், கன்டீன் வாசலில் நிற்கிறவளைப் போல.

"சொதிக்கு உப்புக் காணாது."

உப்புப் பேணியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளுக்கு முன்னாலேயே நின்று அழுதேன்.